ஜார்ஜ்டவுன் நாட்குறிப்பு: குழியை மூடிய பிறகு தொடங்கும் வேலை

திங்கள்: பைகளும் பதிவேடும்

கோலாலம்பூரிலிருந்து கிளம்பிய இரவுப் பேருந்து விடியற்காலையில் பட்டவொர்த்தில் இறக்கிவிட்டது. பெரி ஏறிக் கடலைக் கடந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கு வந்து, லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீட்டுக்கு நடந்து போனோம். முன்கட்டில் தரைக்கு அடியில் நடந்த அகழாய்வு முடிந்து, குழிகளை மண்ணிட்டு மூடியாயிற்று. காற்றுமுற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் பைகள் அடுக்கியிருக்கின்றன. இனி எல்லாம் அவற்றோடுதான்.

அகழாய்வு என்றதும் எல்லாருக்கும் குழியும் கரண்டியும் நினைவுக்கு வரும். தோண்டிய மண்ணடுக்கு திரும்ப வராது. கையில் மிஞ்சுவது பானை ஓடும், அது எந்த அடுக்கில் கிடந்தது என்று சொல்லும் சூழல் எண்ணும்தான். எண் தொலைந்தால் சீனாவின் மிங் அரசர் காலத்துப் பீங்கானும் வெறும் உடைசல். கழுவுவது, உலர்த்துவது, எழுதுவது, எடை போடுவது எல்லாம் அந்த எண் ஓட்டை விட்டுப் பிரியாமல் காக்கும் வேலை.

அதனால் முதல் நாள் தண்ணீரைத் தொடுவதே இல்லை. களத்தில் எழுதிய பைப் பதிவேட்டை ஒருவர் படிக்க, இன்னொருவர் பையைக் கையில் எடுத்துக் காட்டுகிறார். தளக் குறியீடு, குழி எழுத்து, சூழல் எண், பை எண், தேதி, தோண்டியவரின் முதலெழுத்து, பொருள் வகை ஆகியவை பையின் வெளியிலும் உள்ளே இருக்கும் சீட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே மார்க்கர் எழுத்து, உள்ளே டைவெக் என்ற நீர் புகாத செயற்கைத் தாளில் ஒரு சீட்டு என்று இரண்டு இருப்பதற்குக் காரணம் பினாங்கு மழை. ஈரப் பைகள் ஒன்றோடொன்று உரசினால் மார்க்கர் அழிந்துவிடும். சாதாரணக் காகிதச் சீட்டு ஈர மண்ணோடு கூழாகிவிடும். பால்பாயின்ட் மை பரவும். கடைகளில் விலை ஒட்டும் வெப்ப அச்சுச் சீட்டு சில மாதங்களில் வெள்ளையாகிவிடும். டைவெக்கில் நிறமி மை கொண்ட பேனாவால் எழுதினால்தான் நிலைக்கும்.

எண் படிக்க முடியாத பை வந்தால் ஊகித்து எழுதக் கூடாது. 'சூழல் தெரியாதது' என்று குறித்து, எந்தப் பைகளுக்கு நடுவில் இருந்தது, என்ன தேதி என்பதைப் பதிந்து ஒதுக்க வேண்டும். களப் படப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் பாதிக்கு விடை கிடைக்கும். மீதி அப்படியே இருக்கட்டும். தவறான அடுக்கில் சேர்ந்த ஓர் ஓடு அந்த அடுக்கின் காலத்தையே குழப்பிவிடும். அதைவிட எண் இல்லாத ஓடு நல்லது.

மாலைக்குள் இன்னொரு பிரிப்பும் முடிந்தது. இரும்பு, செம்பு, அடுக்கடுக்காக உரியும் கண்ணாடி, வண்ணம் பூசிய சுண்ணாம்புப் பூச்சு, கரித்துண்டு, உட்புறம் எச்சம் ஒட்டிய சமையல் சட்டி, ஈர மரம் ஆகிய எதற்கும் நாளைய தொட்டியில் இடமில்லை.

செவ்வாய்: கழுவுதல்

கருவிகளை ஹார்ட்வேர் கடையிலும் மளிகைக் கடையிலுமே வாங்கிவிடலாம். மென்மையான பல்துலக்கி, இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, 1 மி.மீ. சல்லடை, வலைத்தட்டு, வாளி போதும். சோப்பு வேண்டாம். தண்ணீர் மட்டும்.

விதி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு பை, ஒரு தொட்டி, ஒரு தட்டு. சீட்டு தட்டோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். தட்டு நகர்ந்தால் சீட்டும் நகரும். ஒரு தட்டில் இடம் மிச்சமிருக்கிறதே என்று இரண்டு சூழல்களை வைத்து நடுவில் கோடு போடுவது நாம் பார்த்த பழக்கங்களில் மிக மோசமானது. மின்விசிறிக் காற்றுக்குச் சீட்டு நகரும், பூனை குதிக்கும், ஓடு உருளும்.

ஓட்டைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்து நனைத்துத் துலக்க வேண்டும். முதலில் உடைந்த ஓரம். புதியவர்கள் வழவழப்பான முகத்தைத் தேய்த்துவிட்டு ஓரத்தை விட்டுவிடுவார்கள். ஓரத்தில்தான் களிமண்ணின் தன்மையும் கலந்த மணலும் தெரியும். உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பார்க்கவும் ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும்.

சட்டி ஓடு தண்ணீரைத் தாங்குமா என்று தெரிய ஒரு சோதனை இருக்கிறது. ஈர விரலால் உடைந்த ஓரத்தைத் தடவ வேண்டும். விரலில் சேறு ஒட்டினால் அது குறைந்த சூட்டில் சுட்டது, தொட்டியில் கரையும். அதை உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும்.

பினாங்குக்கே உரிய ஆபத்து நியோன்யா பாத்திரம், அதாவது பெரானாக்கான் எனப்படும் உள்ளூர்ச் சீன வழியினரின் வீட்டுப் பீங்கான். சாதாரண நீல வெள்ளைப் பீங்கானில் நீலம் மெருகுக்கு (கண்ணாடிபோன்ற மேற்பூச்சுக்கு) அடியில் இருப்பதால் எவ்வளவு துலக்கினாலும் போகாது. பெரானாக்கான் வீடுகளின் ரோஜா, பச்சை நிறப் பீங்கானில் வண்ணம் மெருகுக்கு மேலே பூசிக் குறைந்த சூட்டில் சுட்டது. மண்ணில் கிடந்தபின் அது தளர்ந்திருக்கும். பல்துலக்கி பட்டால் ஒரே இழுப்பில் பூவும் போகும், பொன் கோடும் போகும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வண்ணம் போன இடம் மங்கலாகத் தெரியும். அப்படிப்பட்ட ஓட்டுக்கு ஈரப் பஞ்சு மட்டும்.

"தம்பி, அந்தச் சட்டி உள்பக்கம் கை வைக்காதீங்க" என்று கழுவும் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இன்று பலமுறை சொல்லிவிட்டார். அடிப்பிடித்த கறுப்பு அழுக்குப்போலத் தெரியும். சமைத்த கொழுப்பு அங்கேதான் களிமண்ணில் ஊறியிருக்கும். ஆய்வகம் அதைப் பிரித்தெடுத்துப் பார்க்க முடியும். அந்த ஓடுகளைப் பிளாஸ்டிக் பையிலும் போடக் கூடாது, பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனம் கொழுப்புச் சோதனையைக் கெடுக்கும். அலுமினியத் தாளில் சுற்றி, சுற்றியதைப் பையில் இட வேண்டும்.

ஒவ்வொரு பைக்குப் பிறகும் தொட்டி நீரைச் சல்லடை வழியாக ஊற்றுகிறோம். மணியும் மீன் முள்ளும் சல்லடையில்தான் சிக்கும். சேற்று நீரை நேராகச் சாக்கடையில் விட்டால் இந்தப் பழைய வீட்டுக் குழாய் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் ஊற்றுகிறார்கள்.

கடலுக்கு அருகில் தோண்டிய பொருள்களில் உப்பும் இருக்கும். கழுவி உலர்ந்த ஓட்டின்மேல் வெள்ளைப் படிகம் பூத்தால் அது உப்பு. காற்றில் ஈரம் ஏறி இறங்க அது கரைந்து கரைந்து மீண்டும் படிகமாகி மெருகைத் தள்ளி உரிக்கும். அப்படிப்பட்டவற்றை முதலில் குழாய் நீரிலும், பிறகு அயனி நீக்கிய நீரிலும் ஊறவைத்து, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துமானியால் அளந்தபடி நீரை மாற்ற வேண்டும். மாற்றிய நீரிலும் அளவு ஏறாமல் நின்றால் உப்பு வெளியேறிவிட்டது.

புதன்: உலரும் நேரத்தில் குவார் கெப்பா

வெயிலில் காயவைத்தால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். வேகமாக உலர்ந்த ஓடு விரிசல் விடும், எலும்பு பிளக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில், வலைத்தட்டில் வைக்க வேண்டும். செய்தித்தாள் விரித்தால் அச்சு மை ஈர ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். இங்குள்ள காற்று ஈரத்தில் தடித்த மண்பாண்டம் உலர மூன்று நாளாவது ஆகும். உலர்ந்துவிட்டதா என்று அறிய எடை போட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. காலையும் மாலையும் எடை மாறாமல் இருந்தால் உலர்ந்துவிட்டது. அரை ஈரத்தில் பையில் போட்டால் பூஞ்சை வரும், சீட்டும் போகும்.

தட்டுகள் உலரும் இடைவெளியில், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடக்கே, சுங்கை மூடாவை ஒட்டிய குவார் கெப்பாவுக்குப் போய்வந்தோம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மக்கள் தின்று எறிந்த சிப்பி ஓடுகள் மேடாகக் குவிந்த இடம் இது. 1860-இல் ஜார்ஜ் வின்சர் ஏர்ல் இந்த மேடுகளைப் பார்த்து எழுதினார். சுண்ணாம்பு சுடுவதற்காக ஓடுகளை அள்ளிக்கொண்டே போனதில் மேடுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. 1934-இல் டச்சுத் தொல்லியலாளர் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் தோண்டினார். கிடைத்த மனித எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. 2017 ஏப்ரலில், இங்கே காட்சியகம் கட்டும் பணியின்போதே இன்னொரு எலும்புக்கூடு வெளிப்பட்டது. 'பினாங்குப் பெண்' என்று அழைக்கப்படும் அதன் வயது 5,700 ஆண்டுகளுக்கு மேல் என்று கணித்தார்கள்.

பதிவு செய்பவருக்கு இந்த இடம் சொல்வது நிறைய. 2017-இல் வந்த எலும்பைச் சுற்றியிருந்த மண், சிப்பி, கல், கிடந்த நிலை எல்லாவற்றையும் இன்றைய முறையில் பதிய முடிந்தது. சூளைக்குப் போன மேடுகளிலிருந்து அப்படி எதையும் இனி யாராலும் மீட்க முடியாது. அங்கே நிற்கும்போது அது மனத்தை அழுத்துகிறது.

சிப்பியை எப்படி எண்ணுவது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், நம் கடைவீட்டுக் குழியிலும் கெராங் என்ற சிப்பியின் ஓடு ஏராளம். சார் கொய் தியோ என்ற வறுத்த நூடுல்ஸில் விழும் அதே கெராங்தான். ஒவ்வொரு கெராங்குக்கும் இடது, வலது என இரண்டு ஓடு. உடைந்த துண்டுகளை எல்லாம் எண்ணினால் எண்ணிக்கை பெருகிப் பொய்யாகும். கீல் உள்ள துண்டை மட்டும் எடுத்து, இடது எத்தனை, வலது எத்தனை என்று பிரித்து, எது அதிகமோ அதையே குறைந்தபட்ச எண்ணிக்கையாகக் கொள்ள வேண்டும். இடது 140, வலது 118 என்றால் குறைந்தது 140 கெராங். மீதியை எடையாக மட்டும் பதிவோம். சிப்பியைக் கார்பன்-14 காலக் கணிப்புக்கு அனுப்பினால் கடல்நீரின் பழைய கார்பன் காரணமாக வயது கூடுதலாக வரும், அதைத் திருத்திக் கொள்ள வேண்டும். அதனால் அதே அடுக்கில் கரித்துண்டு கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புவது நல்லது.

வியாழன்: எண் எழுதுதல்

மெல்லிய பீங்கான்கள் உலர்ந்துவிட்டன. ஒவ்வொரு ஓட்டிலும் எண் எழுதும் வேலை இன்று தொடங்கியது. பைக்குள் சீட்டு இருக்கிறதே, ஓட்டில் ஏன் எழுத வேண்டும்? துண்டுகளைப் பொருத்திப் பார்க்கும்போது பத்துப் பைகளின் ஓடுகள் ஒரே மேசையில் கலக்கும். அப்போது ஓட்டின்மேல் இருக்கும் எண் மட்டும்தான் அதை அதன் பைக்குத் திருப்பி அனுப்பும்.

இடம் உட்புறம், ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி. அலங்காரத்தின் மேலும் உடைந்த ஓரத்திலும் எழுதக் கூடாது. எழுத்து 2 மி.மீ. உயரம் போதும். 2 செ.மீ.க்குக் குறைந்த துண்டில் எழுதுவதில்லை, அவை சிறு பையில் சீட்டோடு இருக்கும்.

முதலில் பாரலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் 15 முதல் 20 விழுக்காடு கரைத்து ஒரு மெல்லிய பூச்சு. அது உலர்ந்ததும் நிறமி மையால் எண். அதுவும் உலர்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. அடிப்பூச்சு இல்லாமல் எழுதினால் மண்பாண்டத்தின் நுண்துளைகளில் மை இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. நகப்பூச்சு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைப் பூசியிருக்கும் பழைய சேகரிப்புகளைப் பார்த்திருக்கிறோம். சில ஆண்டுகளில் மஞ்சளாகி, செதிலாக உரிந்து, எண்ணையும் கூடவே கொண்டுபோய்விடும்.

இந்த ஊரில் தவறாமல் வரும் தொல்லை ஒன்று உண்டு. அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது ஓட்டின் மேற்பரப்பைக் குளிரவைக்கும். ஈரக் காற்றின் நீர் அங்கே படிந்து, பூச்சு பால் போல வெளுத்துவிடும். அதன்மேல் எழுதினால் மை பிடிக்காது. மழை பெய்துகொண்டிருக்கும் மதிய நேரத்தில் இதைச் செய்யவே கூடாது. ஈரப்பதம் நீக்கும் இயந்திரம் ஓடும் மூடிய அறையில், காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியபிறகு, மெல்லிய பூச்சாகப் பூசினால் தெளிவாக வரும். வெளுத்துப்போனதை அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். மூடிய அறையில் அசிட்டோன் ஆவி சேரும் என்பதால் சிறு குப்பியில் ஊற்றி உடனே மூட வேண்டும், அருகில் நெருப்பு கூடாது, இடையிடையே வெளியே வந்து மூச்சு வாங்க வேண்டும்.

எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போடுவது கட்டாயம். 66, 99, 86, 98, 168 எல்லாம் தலைகீழாகவும் எண்ணாகவே தெரியும்.

வெள்ளி: இரும்பும் செம்பும்

குறுகிய நாள். ஆணி, கீல், சாவித் துண்டு எதையும் கழுவவில்லை, காற்றுப் புகாத பாலிப்ரொப்பிலீன் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு அடைத்தோம். பொருளின் எடைக்குச் சமமான எடையாவது ஜெல் வேண்டும். பக்கத்திலேயே ஈரப்பத அட்டை. கடலோர மண்ணின் குளோரைடு ஏறிய இரும்பு 20 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் தொடர்ந்து துருவேறும். நிறம் மாறிய ஜெல்லை அகலத் தட்டில் பரப்பி ஓவனில் 110 பாகை செல்சியஸில் சில மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள்.

செம்புக் காசில் வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரிக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கினால் எழுத்து இருக்கும் மேற்படலமே போய்விடும். ஈர மரத்துண்டு தண்ணீரோடு டப்பாவில், இருட்டில், குளிர்பெட்டியில். உறையவைக்கக் கூடாது.

சனி: பிரித்து, எண்ணி, எடை போட்டு

பொருள் வகை, களிமண் வகை, வடிவம், பாகம் என்று மேசையில் பரப்பினோம். 10 மடங்கு உருப்பெருக்கும் கைவில்லையால் ஓரத்தைப் பார்த்து மணல், மைக்கா, நொறுங்கிய சிப்பி எது கலந்திருக்கிறது என்று குறிக்கிறோம். பழைய ஓரம் அழுக்கேறியிருந்தால் இடுக்கியால் ஒரு சிறு முனையை மட்டும் நொறுக்கிப் புதிய முகம் காண்பது வழக்கம்.

எண்ணிக்கையும் எடையும் இரண்டுமே வேண்டும். தெம்பாயான் என்ற பெரிய ஜாடி ஒன்று உடைந்தால் கனமான பத்துத் துண்டு. தேநீர்க் கிண்ணம் உடைந்தால் லேசான முப்பது துண்டு. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் அந்த வீட்டில் கிண்ணம்தான் அதிகம் என்றும், எடை மட்டும் பார்த்தால் ஜாடிதான் அதிகம் என்றும் முடிவு வரும். இதைச் சரிசெய்ய விளிம்பு அட்டை இருக்கிறது. ஒரே மையத்தில் வரைந்த வட்டங்கள்மேல் விளிம்பைக் கவிழ்த்து, வெளிச்சம் புகாதபடி படியும் கோணத்தில் நிறுத்தி, விட்டமும் எத்தனை விழுக்காடு விளிம்பு இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டும். ஒரே வகையில் 15, 30, 55 விழுக்காடு வந்தால் கூட்டினால் ஒரு முழுப் பாத்திரத்துக்குச் சமம். 5 விழுக்காட்டுக்குக் குறைந்த விளிம்பில் விட்டம் சொல்வது வெறும் ஊகம்.

காலம் சொல்லும் சின்னச் சின்னத் தடயங்கள் இங்கே நிறைய. பாத்திரத்தின் அடியில் 'மாஸ்ட்ரிக்ட்' முத்திரை இருந்தால் அது நெதர்லாந்தின் பெட்ருஸ் ரெகூ போன்ற ஆலைகளின் சரக்கு, ரெகூ மண்பாண்டத் தொழிலைத் தொடங்கியது 1836-இல். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பின், அந்த ஆண்டு முதல் அமெரிக்கா இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. கோலி சோடா புட்டிக்கு ஹைரம் காட் காப்புரிமை பெற்றது 1872-இல். மற்றப் புட்டிகளில் அச்சுத் தையல் கோடு வாய் உதடுவரை ஏறியிருந்தால் தானியங்கி இயந்திரத்தில் வார்த்தது, அதாவது 20-ஆம் நூற்றாண்டு. ஓர் அடுக்கில் உள்ளவற்றில் மிகப் புதியது எதுவோ, அடுக்கு அதற்கு முன் உருவாகியிருக்க முடியாது. பழைய நாணயம் ஒன்று கிடைத்துவிட்டதென்று அடுக்கையே பழையதாக்குவது அடிக்கடி நடக்கும் தவறு.

கணினிப் பதிவில் எச்சரிக்கை இரண்டு. பை எண்ணை '3-12' என்று தட்டினால் விரிதாள் அதைத் தேதியாக்கிவிடும். '0112' என்றால் முன்னுள்ள சுழியத்தை விழுங்கிவிடும். தட்டத் தொடங்குவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவமாக மாற்ற வேண்டும். பொருள் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் 'விளிம்பு', 'வாய்', 'ஓரம்' என்று ஒன்றையே மூவர் மூன்று விதமாக எழுத மாட்டார்கள். நாள் முடிவில் சி.எஸ்.வி. நகல் ஒன்று வேறு கட்டடத்துக்குப் போகும்.

ஞாயிறு: மெர்போக்

பாலத்தைக் கடந்து வடக்கே, சுங்கை பட்டாணி வழியாகக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் கடாரம். புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல்லடித்தளம் மெர்போக்கில் உள்ள அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. 1930-களில் ஆங்கிலேய ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் இப்பள்ளத்தாக்கின் தளங்களுக்கு வரிசை எண் கொடுத்தார். இது 8-ஆம் தளம். 1960-ஐ ஒட்டி ஆலஸ்டர் லாம்ப் கோயிலைத் திரும்ப எழுப்பியபோதும், இன்று கட்டுரை எழுதுபவர்களும் அதே எண்ணைத்தான் சொல்கிறார்கள். மாற்றாத எண்ணின் அருமை இதுதான்.

பீங்கானும் மணியும் உள்ள கண்ணாடிப் பேழைகளின் முன்னால் நேரம் போனதே தெரியவில்லை. சீனாவின் சோங், யுவான் அரசர் காலத்து மெருகை நேரில் பார்த்துக் கண் பழகினால்தான் மேசையில் வரும் சிறு துண்டை அடையாளம் காண முடியும். படத்தில் நிறம் ஏமாற்றும்.

திங்கள்: பெட்டிகள்

துளையிட்ட பாலிஎத்திலீன் பைகள், சூழல் வாரியாகப் பெட்டிகள், ஒரு பெட்டி 10 கிலோவுக்கு மேல் போகாமல். ரப்பர் வளையம் இந்த வெப்பத்தில் உருகி ஒட்டும். ஸ்டேப்ளர் ஊசி துருவேறும். இரண்டும் வேண்டாம். பெட்டியின் இரண்டு பக்கமும் சீட்டு, உள்ளே பட்டியல் நகல். அட்டைப் பெட்டிக்குக் கரையானும் இராமபாணப் பூச்சியும் வரும், நெளிபிளாஸ்டிக் பெட்டியே மேலானது. அலமாரி வெளிச்சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பினாங்குக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கீழ்த்தட்டில் செங்கல் மாதிரிகளை மட்டும் வைத்து, ஓடும் உலோகமும் ஆவணமும் மேலே.

எல்லாச் செங்கல் துண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு சூழலிலும் எண்ணி, எடை போட்டு, முழு அளவு கிடைத்த செங்கலின் நீளம், அகலம், தடிமன் பதிந்து, வகைக்கு ஒரு மாதிரி வைத்துவிட்டு மீதியைக் கழிக்கிறோம். எதை, எவ்வளவு, ஏன் கழித்தோம் என்பதும் பதிவேட்டில் ஏறும். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி அகழாய்வே உரிமத்தின் பேரில் நடப்பது. ஒரு சிறு ஓட்டைக்கூட நினைவுப்பொருளாக யாரும் எடுத்துப் போக முடியாது, கேட்கவும் கூடாது.

மண் மாதிரிகள் இன்னும் மிச்சம். ஒவ்வொன்றையும் நீரில் கலக்கி, மிதப்பதை 300 மைக்ரான் வலையிலும், அடியில் தங்குவதை 1 மி.மீ. வலையிலும் பிடித்து, மஸ்லின் துணியில் கட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். கரிந்த நெல், விதை, மீன் செதில் எல்லாம் அங்கிருந்துதான் வரும். அந்த வேலைக்குத் தண்ணீர் தாராளமாக வேண்டும், இந்தப் பின்கட்டுக் குழாய் போதாது. வேறு இடம் பார்த்திருக்கிறார்கள், அடுத்த மாதம் அங்கே தொடங்கும்.